காயத்துக்குள் போட வேண்டிய ஊசி: நாய் கடித்த பிள்ளையின் தாய்க்கு ஒரு பதில்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதியிருப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவில் விளையாடிக்கொண்டிருந்த உங்கள் ஆறு வயது மகனைத் தெரு நாய் ஒன்று இடது கன்னத்திலும் வலது கை ஆள்காட்டி விரலிலும் கடித்துவிட்டது. கன்னத்தில் பல் இறங்கிய இரண்டு துளைகள், விரலில் ஒரு கிழிசல். மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்தார். அன்று இரவே பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டிடி ஊசியும் நாய்க்கடித் தடுப்பூசி ஒன்றும் போட்டு, தையல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாய் இன்றும் தெருவில் நன்றாகத்தான் திரிகிறது. மீதி ஊசிகள் அவசியமா, தையல் போடாததால் முகத்தில் தழும்பு தங்கிவிடுமா என்பவை நீங்கள் எழுத்தில் கேட்ட இரண்டு கேள்விகள். அவற்றுக்கு அடியில் நீங்கள் கேட்பது, பிள்ளை ஆபத்தைத் தாண்டிவிட்டானா என்பது. இன்னும் தாண்டவில்லை. ஆனால் தாண்ட வைப்பதற்கு நேரம் இருக்கிறது. அதனால்தான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. வடசென்னை அரசு மருத்துவமனைகளில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் ஊசி அறையில், நாய்க்கடிப் பதிவேட்டை எதிரில் வைத்துக்கொண்டு கழிந்தது. உங்கள் மகனின் காயத்தை நான் பார்க்கவில்லை. அது எவ்வளவு ஆழம், விரலை மடக்க முடிகிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்பதையெல்லாம் நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்கிறேன். மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் இடங்களை, வேறுபடுகிறது என்றே சொல்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதியதில் டிடி இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. சீரம் என்ற சொல் எங்குமே இல்லை. இரத்தம் வரும்படி நாய் கடித்தால், அதுவும் முகத்திலும் விரலிலும் கடித்தால், தடுப்பூசியோடு, ரேபீஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய்க்கு எதிரான ரேபீஸ் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்துக்குள்ளேயும் காயத்தைச் சுற்றியும் போட வேண்டும். இதைத்தான் ஊசி அறையில் சீரம் என்போம். தடுப்பூசி என்பது உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போன்றது. உடம்பு அதைக் கற்றுக்கொண்டு தானே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை காயத்தில் கிடக்கும் கிருமி சும்மா இருக்காது. நரம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறத் தொடங்கும். கன்னத்திலிருந்து மூளைக்கு வழி மிகக் குறுகியது, விரல் நுனியில் நரம்புகள் மிக அடர்த்தி. அந்த இடைவெளியில் கிருமியைக் காயத்திலேயே செயலிழக்கச் செய்வது சீரம் ஒன்றுதான். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் இதைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கத் தொடங்கிவிடுவதால் போடுவதில்லை. ஞாயிறு இரவு முதல் ஊசி என்றால் இன்று, புதன்கிழமை, மூன்றாம் நாள். வரும் ஞாயிறு வரை காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஞாயிறு இரவே போட்டிருக்க வேண்டியது, இன்றாவது போட்டுவிட வேண்டும்.

பல கிளினிக்குகளில் சீரம் இருப்பில் இருக்காது. இல்லாததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்லி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல் விடுவதுதான் குறை. உங்கள் வீட்டிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். நேராக அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "முகத்தில் கடி, மூன்றாம் வகைக் காயம், சீரம் இன்னும் போடவில்லை, முதல் தடுப்பூசி ஞாயிறு இரவு" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுத்த சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போட்ட தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையா, தசையில் போடும் முறையா என்பது அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளினிக்குக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தொடங்கிய முறையிலேயே முடிப்பதுதான் நல்லது.

சீரம் எடை பார்த்துப் போடும் மருந்து. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் வகையானால் ஒரு கிலோ எடைக்கு 40 அலகு, மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் வகையானால் 20 அலகு. ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, புதிதாக வந்திருக்கும் மோனோக்ளோனல் வகைக்கு அளவு வேறு. உங்கள் மகன் 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் குதிரைச் சீரம் 720 அலகு. ஒரு மில்லியில் 300 அலகு உள்ள புட்டியிலிருந்து எடுத்தால் 2.4 மில்லி. இந்தக் கணக்குக்கு மேல் போகக் கூடாது, போனால் தடுப்பூசியின் வேலையைச் சீரமே மட்டுப்படுத்திவிடும். காயங்கள் பல இருந்து மருந்து போதாதபோது அளவைக் கூட்டாமல், சலைன் கலந்து பெருக்கிக்கொண்டு எல்லாக் காயத்துக்கும் போய்ச் சேரும்படி போடுவோம். மெல்லிய ஊசியைக் காயத்தின் ஓரத்தில் இறக்கிச் சிறிது சிறிதாகச் செலுத்தும்போது கன்னம் கொஞ்சம் உப்பும். விரலில் இடம் குறைவு என்பதால் மிக நிதானமாகவே போட வேண்டும், இரத்த ஓட்டம் நின்று விரல் வெளுத்துவிடாமல் பார்த்துக்கொண்டே போட வேண்டும். இடுப்பில் ஒரே ஊசியாகச் சீரத்தைப் போட்டு முடித்துவிட்டால் காயத்தில் இருக்கும் கிருமிக்கு அது போய்ச் சேராது. ஆகவே, காயத்துக்குள்தானே போடுகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கலாம். அதனால் போட்ட பிறகு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் மருத்துவமனையிலேயே உட்கார வைப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மூட்டு வலியும் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் அதுவும் சீரத்தின் பின்விளைவாக இருக்கலாம். அப்போது திரும்பக் காட்ட வேண்டும்.

தடுப்பூசி விஷயத்துக்கு வருகிறேன். மீதி ஊசிகள் கட்டாயம் அவசியம். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறைதான். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு கைகளிலும் 0.1 மில்லி வீதம் போடுவார்கள். பிறந்ததும் போடும் பிசிஜி ஊசிபோலச் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பினால் சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள். தசையில் போடும் முறையானால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசிகள். பெரிய பிள்ளைகளுக்கு மேற்கையில், கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க ஓரத்தில் போடுவார்கள், புட்டத்தில் போடவே கூடாது. எந்த முறையானாலும் முதல் ஊசி போட்ட நாளே 0. உங்கள் மகனுக்கு மூன்றாம் நாள் ஊசி இன்றே விழ வேண்டும்; சீரம் போடப் போகும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சீரம் எடை பார்த்து, தடுப்பூசி எடை பாராமல். ஆறு மாதக் குழந்தைக்கும் அறுபது வயதுத் தாத்தாவுக்கும் தடுப்பூசி அளவு ஒன்றுதான். "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா" என்று கேட்டு அளவைக் குறைக்கச் சொல்லும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நினைவு வந்த அன்றே போய், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் மாமியார் பயந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் கடைசி வரை தயாரிக்கப்பட்டது. என் பணியின் முதல் ஆண்டுகளில் அதை நானே போட்டிருக்கிறேன். இப்போது அது கிடையாது.

டிடி ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியையும் இந்த இடத்தில் கலைத்தாக வேண்டும். டிடி ரணஜன்னிக்கான ஊசி. வெறிநாய்க்கடி நோயை அது துளியும் தடுக்காது. ஐந்து, ஆறு வயதில் போடும் முத்தடுப்பு ஊக்க ஊசி உங்கள் மகனுக்குச் சரியாக விழுந்திருந்தால், டிடியே இப்போது தேவைப்பட்டிருக்காது. போட்டதில் கெடுதல் இல்லை. "ஊசி போட்டாச்சு" என்ற இரண்டு சொற்களில் எந்த ஊசி என்பது மறைந்துபோவதுதான் கெடுதல்.

நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்பதைப் பற்றி. உமிழ்நீரில் கிருமி வந்துவிட்ட நாய், பத்து நாட்களுக்குள் நோய் முற்றிச் செத்துவிடும். பத்து நாள் கழித்தும் அதே நாய் உயிரோடு, நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். இது உறுதியான செய்தி. நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பொருந்துவது. ஆனால் இதை வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாயைப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்பது பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது. தெருவில் செம்பழுப்பு நாய் நான்கு இருந்தால் கடித்தது எது என்று ஆறு வயதுப் பிள்ளையால் உறுதியாகச் சொல்லவும் முடியாது. நாயின் காதில் சிறு வெட்டு இருந்தால், மாநகராட்சி அல்லது விலங்கு நல அமைப்பு அதைப் பிடித்துக் கருத்தடை செய்து, அன்று ஒரு தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த ஊசி எந்த ஆண்டு போட்டது, அடுத்த ஆண்டு மறுபடி போட்டார்களா என்பதைக் காது சொல்லாது. பத்து நாள் முடிந்து நாய் நலமாக இருந்தால் 28-ஆம் நாள் ஊசியை விட்டுவிடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். விடலாம் என்று சொல்பவரும் உண்டு. நான் முடித்துவிடத்தான் சொல்வேன். முழுவதும் போட்டு முடித்த பிள்ளையை வேறொரு நாள் வேறொரு நாய் கடித்தால், இரண்டு ஊசி போதும், சீரம் வேண்டாம். நம் தெருக்களில் அது பெரிய லாபம்.

ஒரு பிள்ளையை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா டம்ளரில் தண்ணீரை வாயருகே கொண்டுபோனார். உதடு தொடுவதற்கு முன்பே பையனின் தொண்டை இழுத்துக்கொண்டது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, டம்ளர் தட்டிவிழுந்தது. தாகம் தாகம் என்று அவனே கேட்டான், குடிக்க முடியவில்லை. மின்விசிறியின் காற்று முகத்தில் பட்டபோதும் அப்படியே ஆனது. எழுந்து போய் விசிறியை நிறுத்தினேன். அதற்கு மேல் அங்கே எவராலும் அவனைக் காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். தோண்டிக் கேட்டதில், இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் பிறந்த நாய்க்குட்டியைத் தூக்கி விளையாடும்போது அது கையில் பல்லைப் பதித்திருக்கிறது. குட்டிதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள், குட்டி செத்துப்போனதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குட்டிக்கும் இந்த நோய் வரும், குட்டியிடமிருந்தும் இந்த நோய் வரும். கடித்த ஒரு மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் அறிகுறி தோன்றுவதுதான் வழக்கம். சில நாட்களிலேயே தோன்றுவதும், ஓராண்டுக்குப் பிறகு தோன்றுவதும் உண்டு. தோன்றிய பிறகு சிகிச்சை என்று ஒன்று இல்லை. உலகம் முழுவதும் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் பலர் பெரும் பாதிப்போடுதான் பிழைத்திருக்கிறார்கள். ஆகவே கடித்துப் பல நாள் கழித்துத் தெரியவந்தாலும், நாள் கடந்துவிட்டதே என்று விடாமல், தெரிந்த அன்றே போய்த் தொடங்க வேண்டும்.

எது எதற்கு என்ன சிகிச்சை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயைத் தொட்டது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம். இரத்தம் வராத கீறல், தோலை லேசாகக் கவ்விய தடம் ஆகியவை இரண்டாம் வகை. கழுவி, தடுப்பூசி மட்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் கசிந்த கீறல், ஏற்கெனவே புண் இருந்த இடத்தில் நக்கியது, கண்ணிலும் வாயிலும் எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. கழுவி, தடுப்பூசியும் சீரமும். காயத்தின் அளவுக்கும் ஆபத்துக்கும் நேர்க் கணக்குக் கிடையாது. ஊசிமுனை போன்ற ஒரே ஒரு துளையும் மூன்றாம் வகைதான். கீறல் சிறியது என்று ஐயமாக இருந்தால், காயத்தின் மேல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒருமுறை வைத்துப் பார்ப்போம். சுரீரென்று எரிந்தால் தோல் திறந்திருக்கிறது. வீட்டில் இதைச் செய்து பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புற்றுநோய்க்கோ வேறு காரணத்துக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளையானால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இரண்டாம் வகைக்கும் சீரம் போடுவதுண்டு.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் பற்றி நீங்கள் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை அலறும்போது கையில் கிடைத்ததை வைப்பது பதற்றத்தில் எல்லோரும் செய்வது. மிளகாய்த்தூள், காபித்தூள், எண்ணெய், பச்சிலை, காசு வைத்துக் கட்டுவது என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்திருக்கிறேன். இவை கிருமியைக் கொல்வதில்லை. புண்ணை எரித்து, கிருமியை உள்ளே தள்ளி, காயத்தின் ஆழத்தையும் மறைத்துவிடுகின்றன. செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. இந்தக் கிருமிக்குக் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு; சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுகிறது. பத்து ரூபாய்த் துணி சோப்பும் அதே வேலையைச் செய்யும். நம் பக்கத்து வீடுகளில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராது என்பது எனக்குத் தெரியும். பிடித்து வைத்த குடத்திலிருந்து சொம்பால் மொண்டு, காயத்தின் மேல் விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு, மூன்று குடம் ஆகும், ஆகட்டும். அடிபம்பு அருகில் இருந்தால் ஒருவர் அடிக்க, ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாம். பதினைந்து நிமிடம் என்பது அழும் பிள்ளையோடு மிக நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்க்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள். பிறகு பெட்டாடின் போன்ற அயோடின் மருந்தைத் தடவி, இறுக்கிக் கட்டாமல் விட வேண்டும். தலையில் கடித்திருந்தால் முடியை விலக்கிப் பாருங்கள், முடிக்குள் இன்னொரு பல் தடம் ஒளிந்திருக்கும்; கைக்குழந்தையின் மண்டையோடு மெல்லியது என்பதால், அங்கே ஆழமாகக் கடித்திருந்தால் எலும்பையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் பீறிட்டால் மட்டும் கழுவுவதை விட்டுவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். உங்கள் மகனின் காயத்தில் சுண்ணாம்பின் மிச்சம் இருந்தால், மூன்று நாள் ஆகியிருந்தாலும் கிளம்புவதற்கு முன் ஒருமுறை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

தையல் போடாமல் விட்டது சரி. நாய்க்கடியை உடனே இழுத்துத் தைத்தால், கிருமி புதிய நரம்பு நுனிகளுக்குப் போக வழி உண்டாகும், உள்ளே சீழும் அடைபடும். தைத்தே ஆக வேண்டிய பெரிய கிழிசலானால், முதலில் சீரம் போட்டு, சில மணி நேரம் விட்டு, நெருக்கமில்லாமல் ஓரிரண்டு தையல் மட்டும் போடுவார்கள். பிள்ளையின் முகம் என்று வரும்போது எவ்வளவு சீக்கிரம் தைக்கலாம் என்பதில் மருத்துவர்கள் ஒத்த கருத்தோடு இல்லை; முகத்தில் இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் சீழ் பிடிப்பது குறைவு, ஆகவே சீக்கிரம் தைத்துவிடலாம் என்று பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் சிலர் சொல்வார்கள். இரண்டு துளைகள் மட்டும் என்றால் தையலின்றியே ஆறும். புள்ளி போன்ற தழும்பு தங்கக்கூடும், பிள்ளை வளர வளர மங்கும். ஆன்டிபயாட்டிக்கிலும் இதே நிலைதான். நாய் கடித்த ஒவ்வொருவருக்கும் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபடும். கை விரல், முகம், மூட்டருகே, ஆழமான துளை ஆகியவற்றுக்குச் சில நாள் மாத்திரையோ சிரப்போ கொடுப்பதே பொதுவான வழக்கம், அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்தைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். உங்கள் மகனின் விரலுக்காக இதைக் கேளுங்கள். விரல் தடித்துச் சிவந்தாலோ, மடக்க முடியாமல் போனாலோ, சிவப்பு மணிக்கட்டை நோக்கி ஏறினாலோ அன்றே காட்ட வேண்டும்.

வேறு கடிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூனைக்கடியை நாய்க்கடிக்குச் சமமாகவே வைக்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் மீன் கூடைகளைச் சுற்றி வரும் பூனையைக் கொஞ்சப்போய்க் கடி வாங்கி வரும் பிள்ளைகள் நிறைய. அதன் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கி மேலே மூடிக்கொள்வதால், ஒரே நாளில் கை வீங்கி வருவார்கள். குரங்குக்கடிக்கும் இதே ஊசிகள். வீட்டு எலி கடித்தால் நாய்க்கடி ஊசி பொதுவாகப் போடுவதில்லை, ஆனால் கழுவி, டிடி நிலவரம் பார்த்து, அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எலி கடித்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கால்வாய் ஓரக் குடியிருப்புகளில் தூங்கும் பிள்ளையின் கால்விரலை எலி கடிப்பது புதிதல்ல. பால்வாடியில் ஒரு குழந்தை இன்னொன்றைக் கடிப்பதில் பெரும்பாலும் தோல் கிழியாது, கழுவினால் போதும். ஆனால் பிள்ளை உடம்பில் உள்ள மனிதக் கடித்தடத்தில் இரண்டு கோரைப்பல் தடங்களுக்கு இடையே 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது பெரியவரின் வாயாக இருக்க வாய்ப்பு அதிகம்; அப்படிச் சந்தேகம் வந்தால் 1098-ஐ அழைக்கலாம். மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புதர்களில் பாம்பு கடித்தால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை என்பதால், நச்சுமுறிவு மருந்தும் பெரியவருக்குரிய அதே அளவுதான். தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுது, இமையும் தொங்கினால், காயமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் கடியை நினைக்க வேண்டும்.

உங்கள் மகன் உடனே ஓடிவந்து சொன்னது உங்கள் நல்வாய்ப்பு. பல பிள்ளைகள் சொல்வதில்லை. தெருவுக்குப் போகாதே என்றாயே, நாயைச் சீண்டாதே என்றாயே என்று அடி விழும் என்ற பயம். சந்தேகப்படும்படி நாய் கடித்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குளிப்பாட்டும்போது கெண்டைக்காலில் காய்ந்த கீறலைப் பார்த்து, பத்து நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாக்கள் எனக்கு நினைவிருக்கிறார்கள். அவனை இதற்காகத் திட்ட வேண்டாம், மற்றவர்களையும் திட்ட விட வேண்டாம். அடுத்த முறையும் அவன் சொல்ல வேண்டும்.

சில நாள் இரவில் அலறுவான், படுக்கையை நனைப்பான், தெருவில் இறங்க மறுப்பான். மெதுவாகத் தெளியும், மாதம் தாண்டியும் தெளியாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்தியம் எதுவும் இல்லை. மீன் குழம்பு சாப்பிடலாம், தலைக்குக் குளிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம், தம்பி தங்கையோடு ஒரே பாயில் படுக்கலாம். தாயத்து கட்ட வேண்டும் என்று வீட்டில் சொன்னால், ஊசிகள் விழுந்த பிறகு கட்டிக்கொள்ளட்டும். 28-ஆம் நாளுக்கான தேதியைச் சுவர்க் காலண்டரில் இன்றே வட்டமிட்டு வையுங்கள், அந்த ஊசியைத்தான் அதிகம் பேர் மறப்பார்கள். தெரு நாயைப் பற்றி மாநகராட்சிக்கு 1913-இல் சொல்லலாம்.

மருத்துவமனைக்குப் போகும்முன் பிள்ளைக்கு இட்லியோ பிஸ்கட்டோ கொடுத்துக் கூட்டிப் போங்கள், வெறும் வயிற்றோடு வேண்டாம். வலிக்காது என்று சொல்லாதீர்கள். கன்னத்தில் போடும் ஊசி வலிக்கும், வலிக்காது என்று சொன்னால் அடுத்த ஊசிக்கு அவன் உங்களை நம்ப மாட்டான். மாமியாரையும் அழைத்துப் போங்கள். பிள்ளையை அவர் மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, கடிபட்ட கன்னம் வெளியே தெரியும்படி தலையை அவர் மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடிபட்ட கையை நீங்கள் மணிக்கட்டோடு பிடித்துக்கொள்ளுங்கள். அசையாமல் இருந்தால்தான் மருந்து காயத்தின் அடி வரை போகும்.